அரிசிக்குள் புதைத்த பெட்டி

இரண்டு சாரல் காலம் முழுவதும், ஒன்றுமில்லாத ஒரு பெட்டியை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துக் காவல் காத்தவன் நான். அதில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அவ்வப்போது டிரம்மின் மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டு, பெட்டி விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். தட்டுப்படும். கையை உதறிக்கொண்டு, கடமையை முடித்தவனின் முகத்தோடு கூடத்துக்கு வருவேன். நான் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது எடுத்துச் சொல்வதைவிட அது எனக்கு மரியாதை.

பெட்டி என்றது, கணினியோடு கேபிளில் இணைக்கிற வெளி ஹார்ட் டிஸ்க். கறுப்பு நிறம், உள்ளங்கை அளவு. அதை அரிசியில் வைத்ததற்கு என் பக்கம் நியாயம் இருந்தது. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீட்டில் எதுவும் அதுவாக இருக்காது. உப்பு தண்ணீராகும். தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். பீரோவில் மடித்து வைத்த வெள்ளைச் சட்டையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படரும். அருவியில் செல்போனை நனைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு விடுதிக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு கிண்ணம் அரிசி. ஈரம் பட்டதை அரிசி காப்பாற்றும் என்றால், ஈரம் படப்போவதை ஏன் காப்பாற்றாது? எனக்கு அது மிகவும் நுட்பமான சிந்தனையாகப் பட்டது.

பெட்டிக்குள் இருந்ததாக நான் நம்பியது என்னுடைய பொருள் அல்ல. என்னுடையதாக இருந்திருந்தால் இதை ஒரு நகைச்சுவைக் கட்டுரையாக எழுதி, வார இதழுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கியிருப்பேன். அது எதிர்வீட்டு அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கடையம் பக்கம். ஒரே மகன், ராணுவத்தில், வடக்கே எங்கோ பனியில். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றும், என் மனைவி அக்கா என்றும் கூப்பிடுவோம். மதினி இறந்து சில வாரங்கள் கழித்து, ஒரு காலை நேரம், அண்ணாச்சி மதினியின் செல்போனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பேட்டரி உப்பி, பின்மூடி பூரி மாதிரி எழும்பியிருந்தது.

"ஏ வே, இது வெடிக்கும்ங்கான் கடைக்காரன். இதுல அவ எடுத்த படமெல்லாம் கெடக்கு. உம்ம கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிக்கிடும். எனக்கு இந்தத் தடவுத போன்லாம் ஆவாது."

அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்தான். இன்றும் அதுதான்.

அன்று, வெடிக்கும் என்ற பயத்தில் போனை உயிர்ப்பிக்காமல், அதன் மெமரி கார்டை மட்டும் கழற்றிப் படங்களைக் கணினியில் ஏற்றும்போது பார்த்தேன். மதினி எடுத்த எந்தப் படத்திலும் மதினி இல்லை. சாரல் வருமா என்று பார்ப்பதற்காக எடுத்த மேற்கு மலை, மேகத்தோடும் மேகம் இல்லாமலும், நிறைய. காயப்போட்ட மிளகாய் வத்தல். ஜவுளிக்கடையில் வாங்காமல் விட்ட திரைச்சீலைகள். செங்கோட்டை பேருந்து நிலையத்து நேரப் பலகை. நாற்காலியில் செய்தித்தாள் மார்பில் கிடக்கத் தூங்கும் அண்ணாச்சி, வெவ்வேறு சட்டைகளில். கடைசியில் மருத்துவமனை ஜன்னல் வழியே தெரிந்த ஒரு வேப்பமரம். அதற்கு முன்னால், பூட்டிய வீட்டுக் கதவு. ஆட்டோவில் ஏறுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். கதவும் பூட்டும் மட்டும்தான். வேறொன்றும் அந்தப் படத்தில் இல்லை.

ஒரே ஒரு வீடியோ இருந்தது. ஐந்தருவியில் எடுத்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அண்ணாச்சி ஈர வேட்டியோடு, தொப்பை பளபளக்க நிற்கிறார். படம் எடுப்பதைக் கவனித்ததும் கையை நீட்டி, ஒரு காலத்தில் லாரிகளை நிறுத்திய மாதிரியே, "ஏட்டி, நிறுத்து அத" என்கிறார். படம் நிற்கவில்லை. குலுங்குகிறது. எடுக்கிறவர் சிரிப்பதால் குலுங்குகிறது. அருவிச் சத்தத்துக்கு நடுவே மதினியின் குரல்: "போதும், வாங்க. தலைய நல்லா துவட்டுங்க. ஒங்களுக்கு சளி புடிச்சா நாந்தான பாக்கணும்."

அவ்வளவுதான். மதினியின் குரல் இருந்தது அந்த ஓரிடத்தில் மட்டும்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வருவது ஒரு வழக்கமாயிற்று. மாலையில் வந்து, மழையைப் பற்றியும் அருவியில் தண்ணீர் விழுவதைப் பற்றியும் ஏதாவது சொல்லிவிட்டு, எழுந்து போகிற மாதிரி எழுந்து, வாசல்படியில் நின்று திரும்பிக் கேட்பார்: "அத ஒரு தடவ போடும் பாப்போம்." நான் போடுவேன். நின்றபடியே பார்ப்பார். வீடியோ முடிந்ததும், "என்ன தொப்ப பாரும், கேவலமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்தத் தடவையும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மதினி அதை யாருக்கும் அனுப்பவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "எவனுக்காவது அனுப்புன, தொலச்சிருவேன்னு சொல்லிட்டம்லா" என்றார். அந்தத் தொப்பைக்காக. மகனுக்குக்கூட அனுப்பவில்லை.

உப்பிய போனை நான்தான் கடையில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், அன்னியர் கையில் போகக் கூடாதென்று, கார்டில் இருந்த அனைத்தையும் அழித்தேன். பொறுப்புள்ளவன் அல்லவா. அதன்பின் எங்கள் வீட்டுக் கணினி ஒன்றில்தான் மதினியின் படங்கள். ஒரே இடத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், நிறையப் படிப்பவன். இதற்கென்று உட்கார்ந்து ஒரு வாரம் படித்தேன். குறுந்தகட்டில் பதியலாம்; சாரலில் பூஞ்சை பிடிக்கும் என்று தள்ளினேன். இணையத்தில் ஏற்றி வைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஊரில், முகம் தெரியாதவன் கொட்டகையில் போய் வைப்பதா என்று அதையும் தள்ளினேன். கையில் தொட்டுப் பார்க்கக்கூடியதுதான் பாதுகாப்பு என்று ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன்.

கணினித் திரையில் 'மதினி' என்று பெயரிட்ட மஞ்சள் உறை, ஃபோல்டர் என்பார்களே அது, ஒன்று இருந்தது. அதை இழுத்து டிஸ்க்கில் விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. அத்தனை படங்கள், ஒரு வீடியோ, இமைப் பொழுதில். அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பெருமை வந்தது. "நல்ல கம்பெனி, வேகத்தப் பாத்தியா" என்று மனைவியிடம் சொன்னேன். இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாய் கட்டி, அரிசிக்குள் இறக்கினேன்.

அண்ணாச்சியிடமும் இந்த ஏற்பாட்டை விளக்கினேன். கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "தெறந்து பாத்தீரா?"

"எத?"

"அந்தப் பெட்டியத்தான். ஸ்டேஷன்ல ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் துப்பாக்கிய எண்ணி மட்டும் வாங்க மாட்டோம் வே. ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துத்தான் வாங்குவோம். எண்ணிக்க சரியா இருக்கும், சுடாது."

"அதெல்லாம் இதுக்குத் தேவையில்ல அண்ணாச்சி" என்றேன். இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்கிற தொனியில் சொன்னேன் என்றுதான் நினைவு.

அதே காலத்தில் நான் அவருக்கு இன்னொரு ஆலோசனையும் தந்தேன். அவர் தம் பொத்தான் போனில் இரண்டாவது சிம்மாக மதினியின் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். யாரும் கூப்பிடாத அந்த எண்ணுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்துவந்தார். "வீண் செலவு அண்ணாச்சி, விட்டுருங்க" என்றேன். 

"விட்டா, கம்பெனிக்காரன் அந்த நம்பர வேற எவனுக்காவது குடுத்துருவான்லா. பொறவு தெரியாம நம்பர அமுக்கிட்டம்னு வச்சிக்கிடும்... எவனோ ஒருத்தன் அலோங்கான். அது நல்லா இருக்குமா?"

 வீட்டுக்கு வந்து மனைவியிடம், மனிதர் கொஞ்சம் தளர்ந்துவிட்டார் என்றேன்.

இரண்டாவது சாரல் போய் ஐப்பசி வந்தது. எங்கள் பக்கம் ஐப்பசி இடி, சொல்லிவிட்டு வருகிற இடி அல்ல. ஒரு பிற்பகல், வானம் கறுத்ததும் மனைவி சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள். "ஏங்க, கம்ப்யூட்டர் வயரப் புடுங்குங்க." பிடுங்கினேன். மின்சார வயரைப் பிடுங்கினேன். இணைய கேபிளைப் பிடுங்கவில்லை. இடி அந்த வழியாக வந்தது. ஒரு சொடக்குச் சத்தம், எரிந்த நகத்தின் வாடை. மழை விட்டதும் பொத்தானை அழுத்தினேன். கணினி என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

எனக்குப் பதற்றமே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. "இதுக்குத்தான் ஒரு பிரதி வேணும்ங்கது" என்று மனைவிக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, டிரம்முக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தேன். அலுவலக மடிக்கணினியைக் கொண்டுவந்து இணைத்தேன். 'மதினி' என்ற மஞ்சள் உறை தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி. இரண்டு முறை தட்டினேன். இது சுட்டுகிற இடம் இப்போது இல்லை என்று பதில் வந்தது.

மறுபடியும் தட்டினேன். அதே பதில்.

கணினித் திரையில் நான் வைத்திருந்தது உறையே அல்ல, உறைக்குப் போகிற வழிகாட்டி. உறை வேறெங்கோ, கணினியின் வயிற்றுக்குள் இருந்தது. சீக்கிரம் திறப்பதற்காக நானே செய்துவைத்த குறுக்குவழி அது. இரண்டு வருஷமாக ஈரம் படாமல், வண்டு படாமல் நான் காத்தது, தென்காசியில் ஒரு வீட்டுக்கு வழி சொல்லும் பலகையை. வீடு எரிந்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடையில் கணினியைக் கொடுத்தேன். அவர்கள் உள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அது போய்த் திரும்பும் வரை அண்ணாச்சி மாலையில் வந்தார். கணினி மேசை காலியாக இருப்பதைப் பார்த்தார். சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றேன். பொய் இல்லை. "சரி, வரட்டும்" என்று மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து, வாசல்படியில் நின்று, திரும்பாமல் போனார். அடுத்த முறையும் அப்படியே போனார்.

டிஸ்க் திரும்பி வந்தது. உள்ளே தகடு கருகிவிட்டது, எதுவும் எடுக்க முடியாது என்று கூடவே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்று அலுவலகத்திலிருந்து வந்து நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். மனைவி எதிரில் வந்து நின்றாள். "நீங்க போயிச் சொல்லுதியளா, இல்ல நான் சொல்லட்டா?"

"நாளைக்குச் சொல்லுதேன்."

"அவங்க ஒவ்வொரு நாளும் அந்த மேசையப் பாத்துட்டுப் போறாங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல."

நான் தெருவைக் கடந்தேன். எங்கள் தெரு அகலமானதல்ல. அண்ணாச்சி வாசலில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், மழை பெய்த அன்றும் ஊற்றுவார். நான் முழுவதையும் சொன்னேன். இடி, கேபிள், அரிசி, அம்புக்குறி, சென்னை. சொல்லும்போது ஒரு இடத்தில்கூட அவர் குறுக்கிடவில்லை. வாக்குமூலம் கேட்டுப் பழகியவர். முடித்ததும் குடத்தைக் கீழே வைத்தார்.

"கடசியா எப்போ தெறந்து பாத்தீரு?"

"பாக்கவே இல்ல அண்ணாச்சி."

"ம்" என்றார். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். மற்றதில் அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "நாந்தான் அத அனுப்பாதன்னு சொன்னது" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

மீட்க வழி வேறுண்டா என்று மறுபடி படிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை பெருமைக்காக அல்ல. செல்போனில் படம் எடுத்தால், போன்காரன் வைத்திருக்கும் கணக்கில் அது தானாகவே ஏறியிருக்க வாய்ப்புண்டு என்பதைப் படித்தேன். நான் அன்னியன் கொட்டகை என்று ஒதுக்கிய அதே இடம். மதினிக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். அது இல்லாமல் அந்த வகைப் போன் நடக்காது. பெயர் தெரியாது, கடவுச்சொல் தெரியாது. தெரிந்த ஒருவர் இப்போது இல்லை. ஆனால் கணக்கைத் தொலைத்தவர்களுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பதிவான செல்போன் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புவார்கள்.

அந்த எண்ணுக்கு.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்தோம். என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து மதினியின் எண்ணைப் போட்டேன். அண்ணாச்சி தம் பொத்தான் போனை மேசைமேல் வைத்து, அதன் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் ஒலித்தது. குறுஞ்செய்தி வருகிற சின்ன மணிச் சத்தம்தான்.

அவர் எடுக்கவில்லை. "இது அவ நம்பர்ல வந்த சத்தம்" என்றார். "இதுக்குத் தனிச் சத்தம் வச்சிருந்தேன். ரீசார்ஜ் செய்தி இல்லாம, இதக் கேட்டு ரொம்ப நாளாச்சி." மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. தானாகவே இறக்கிக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக, விசாரணையில் வாகன எண்ணைச் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

நான் தட்டினேன். கணக்கின் பெயர் வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது: உங்களை உறுதி செய்ய இது போதாது. வழக்கமாக இந்தக் கணக்கைப் பயன்படுத்தும் இடத்திலிருந்து, வழக்கமான இணைய இணைப்பிலிருந்து மறுபடி முயலவும்.

"வழக்கமான எடம்னா இந்த வீடுதான" என்றார் அண்ணாச்சி. "அவ வேற எங்கன போனா? கோயில், காய்கறிக் கடை."

"இங்க நெட் கனெக்‌ஷன் இருந்துதா அண்ணாச்சி?"

"எதுக்கு? போன்ல போடுத காசு போதாதா? படத்த ஏத்தி எறக்கி டேட்டாவத் தீக்காதன்னு நான் கடைக்காரன்ட்டயே சொல்லி, அப்பிடி ஏறாத மாதிரி வச்சித் தரச் சொன்னேன்."

அப்படி வைத்துத் தருவது என்றால், வைஃபை கிடைக்கிற இடத்தில் மட்டும் படங்கள் ஏறும். மற்ற நேரத்தில் ஏறாது. மதினி வைஃபை இல்லாத வீட்டில் இருந்தார். ஆக, ஒன்றுமே ஏறியிருக்காது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு அது புரிந்துவிட்டது. இரண்டாவது முறையாகத் தாமே காரணம் என்று ஒரு மனிதர் கண்டுகொள்கிற முகத்தை நான் அன்று பார்த்தேன். மறக்க முயல்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கமான இணைப்பிலிருந்து முயலச் சொல்கிறான், மதினிக்கு அப்படி ஓர் இணைப்பே கிடையாது என்றேன். கீரையில் இருந்த அவள் கை நின்றது.

"இங்கனதான்" என்றாள்.

"என்ன இங்கன?"

"அக்கா இங்கனதான நெட் பாப்பா. சாயங்காலம் நீங்க வாரதுக்கு முன்னால வந்துட்டுப் போவா. வைஃபை பாஸ்வேர்ட் நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

எங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல்லை யாருக்கும் தரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். பாதுகாப்பு பற்றி நிறையப் படித்தவன் என்பதால் போட்டது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, எனக்கே பார்த்துத்தான் தட்ட வரும். ஒருமுறை என் மைத்துனனுக்கே தர மறுத்து, ஒரு பொங்கல் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

"எப்போதிருந்து?"

"ரொம்ப நாளா. ஒங்களுக்குத் தெரிஞ்சா தையத்தக்கானு குதிப்பியன்னுதான் சொல்லல. அந்த ஐந்தருவிப் படம் எடுத்தாள்லா, மறுநாளே என்ட்ட காட்ட ஓடி வந்தா. இந்த நாக்காலியில இருந்துதான் ரெண்டு பேரும் பாத்தோம். காபி ஆறுத வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தோம்."

மதினி எங்கள் வைஃபையில் நெட் பார்த்ததை மட்டும் சொல்லி அண்ணாச்சியை அழைத்து வந்தேன். மனைவியின் போனில், எங்கள் வைஃபையில், அதே பக்கம். அந்தச் சின்ன மணிச் சத்தம் எங்கள் கூடத்தில் கேட்டது. அவர் எண்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. புதுக் கடவுச்சொல் வைக்கச் சொன்னான். வைத்தோம். திறந்தது.

மேற்கு மலை வந்தது. மிளகாய் வத்தல், திரைச்சீலைகள், செங்கோட்டை நேரப் பலகை, நாற்காலியில் தூங்கும் அண்ணாச்சி. மனைவி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அப்புறம் ஐந்தருவி. நான் ஒலியைக் கூட்டினேன். அருவிச் சத்தம் கூடத்தை நிறைத்தது.

"ஏட்டி, நிறுத்து அத."

"போதும், வாங்க. தலைய நல்லா துவட்டுங்க. ஒங்களுக்கு சளி புடிச்சா நாந்தான பாக்கணும்."

அண்ணாச்சி நிற்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முறையாக, அதைப் பார்க்க உட்கார்ந்தார். மதினி உட்கார்ந்து பார்த்ததாக மனைவி சொன்ன அதே நாற்காலி. அது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னார். போட்டோம். தொப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பொறவு உள்ளதையும் காட்டு" என்றார் என் மனைவியிடம்.

பிறகு உள்ளது இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளோடு படங்கள் நின்றுவிட்டன. உடம்பு முடியாமல் போனபின் மதினி எங்கள் வீட்டுக்கு வரவில்லை; வராததால் எதுவும் ஏறவில்லை. மருத்துவமனை வேப்பமரம் போயிற்று. பூட்டிய கதவு போயிற்று. அவை என் கணினியில் மட்டுமே இருந்தவை. அந்தப் படங்களை அண்ணாச்சி ஒருமுறைகூடத் திறந்து பார்க்கச் சொன்னதில்லை. இருக்கின்றன என்று மட்டும் தெரிந்திருந்தது. இருப்பது தெரிந்தால் போதும் என்று சில விஷயங்களை வைத்திருப்போமே, அப்படி.

"ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தது இல்லியோ?"

"இல்ல அண்ணாச்சி."

"அது..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார்.  "சரி. போவட்டும்." எழுந்து, என் மனைவியின் பக்கம் திரும்பி, "அவ இங்கன வந்து இருந்துட்டுப் போறது எனக்குத் தெரியாதும்மா. கோயிலுக்குப் போறேம்பா" என்றார்.

"கோயிலுக்கும் போவா" என்றாள் மனைவி.

வாசல்படியில் வழக்கம்போல நின்றார். அன்று திரும்பி எதுவும் கேட்கவில்லை. கதவைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கினார்.

கதவின் படத்தை மறுபடி எடுக்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அதே கதவு, அதே பூட்டுதான். போனை எடுத்துக்கொண்டு தெருவின் பாதி வரை போய்விட்டேன். அங்கே நின்றபோதுதான், நான் எடுத்தால் அது வெறும் கதவாகத்தான் இருக்கும் என்று உறைத்தது. திரும்பி வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

இப்போது ஏற்பாடு வேறு. மதினியின் படங்கள் அந்தக் கணக்கில் இருக்கின்றன. புதுக் கடவுச்சொல் அண்ணாச்சிக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும். மகனுக்கு ஐந்தருவி வீடியோவை அண்ணாச்சியே அனுப்பச் சொன்னார், தொப்பையோடு. ஒரு பென் டிரைவ் கடையத்தில் அவருடைய தங்கை வீட்டு நகைப் பெட்டிக்குள். இன்னொரு பிரதி அந்தப் பழைய கறுப்புப் பெட்டியில். இந்தத் தடவை அது ஏற நெடுநேரம் ஆயிற்று. அந்தத் தாமதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன். மதினியின் சிம் அவருடைய போனிலேயே இருக்கிறது. அதைப் பற்றி நான் ஆலோசனை சொல்வதில்லை. மாதம் ஒருமுறை அண்ணாச்சி வந்து, "இழுத்துக் காட்டும் வே" என்பார். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவேன். கடைசியில் ஐந்தருவி. உட்கார்ந்து பார்ப்பார்.

சென்ற மாதம் அப்படிக் காட்டி முடித்துவிட்டு, கறுப்புப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன், அரிசியில வைக்கலியா?"

"இல்ல. இனிமே அந்த முட்டாத்தனம்லாம் கெடையாது. ரெண்டு வருசம் அங்கன இருந்து அது ஒரு வேலையும் செய்யல."

அவள் முறத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். வெள்ளை அரிசியில் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"அப்பிடிச் சொல்லாதிய. அது உள்ள இருந்த வரைக்கும் அரிசியில ஒத்த வண்டு விழல."